பக்கத்தில் உட்கார்ந்து கற்ற தொழில்

புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருக்கும். மெய்ப்புத் திருத்தியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அப்படிப் பின்னால் நிற்கும் பதிப்பு வேலையையே வாழ்நாள் வேலையாக்கிக் கொண்டவர் உ.வே.சாமிநாதையர்.

அவர் பதிப்புக்கு எடுத்துக்கொண்ட பழைய நூல்களின் ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ரகரமா, துணைக்காலா என்று தெரியாது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். என்ன செய்வது? ஒருவர் ஒரு பிரதியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் தங்கள் கையிலுள்ள பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இப்படிப் பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அவர் அச்சில் கொண்டுவந்தார்.

அவருடைய முதுமையில் வந்து சேர்ந்த மாணவர் கி.வா.ஜகந்நாதன். பாடம் கேட்டதும் அவரிடம்தான், பதிப்பு வேலை பழகியதும் அவரிடம்தான். பிறகு 'கலைமகள்' இதழின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்தார். 1967-இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார்.

இப்போது எழுத்துப்பிழையைக் கணினியே காட்டிவிடுகிறது. ஆனால் 'பள்ளிக்குப் போனான்' என்பது 'பல்லிக்குப் போனான்' என்று அச்சாகியிருந்தால், அது பேசாமல் இருந்துவிடலாம். இரண்டும் சரியான சொற்கள்தானே!

அதனால், மெய்ப்புத் திருத்தும் வேலைக்குப் புதிதாக ஒரு பிள்ளை உங்களிடம் வந்தால், திருத்திய தாளை மட்டும் நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் திருத்தினீர்கள் என்றும் சொல்லிக்கொடுங்கள்.