கணக்கு கேட்டா கோவிச்சுக்கணுமா?

போன மாசம் விருத்தாசலம் போயிருந்தேன், சொந்த ஊர். செராமிக் வேலை பார்க்கிற எங்க சித்தப்பா, எந்தக் கப்பைக் கையில எடுத்தாலும் விரலால சுண்டிப் பார்ப்பார். கணீர்னு கேட்டா சரி. சத்தம் மந்தமா வந்தா எங்கயோ விரிசல், கண்ணுக்குத் தெரியாது.

அன்னைக்கு சாயங்காலம் ஒரு அறக்கட்டளைக்காரர் வீட்டுக்கு வந்தார். பசங்களுக்கு கம்ப்யூட்டர் வகுப்பு, நான் ஸ்பான்சர் பண்ணணுமாம். 80ஜி இருக்கு, தர்பன் நம்பர் இருக்குன்னு ஃபைலைக் காட்டினார். 80ஜி எனக்கு வரிச்சலுகை தரும் (அதுவும் பழைய வரி முறையில இருந்தாதான்). தர்பன்ல இருக்கிறது அவங்களே பதிஞ்ச விவரம். போன வருஷப் பணம் எங்கே போச்சுன்னு ரெண்டுமே சொல்லாது.

"தணிக்கை அறிக்கை பார்க்கலாமாண்ணே?"

"நம்பிக்கை இல்லையா தம்பி?"ன்னுட்டார். அம்மா என்னை முறைச்சாங்க.

கணியம் அறக்கட்டளை தெரியும்ல? தமிழ்ல கட்டற்ற மென்பொருள், மின்னூல்னு வேலை செய்யறவங்க. மாத அறிக்கையோட வரவு செலவையும் இணையத்துலயே போட்டுடறாங்க. திட்டங்கள் எல்லாம் கிட்ஹப்ல திறந்தே கிடக்கு, நம்ம ஆபீஸ் பக் லிஸ்ட் மாதிரி. அங்கே யாரும் கேட்கவும் வேண்டாம், யாரும் முகம் சுளிக்கவும் வேண்டாம்.

ரெண்டு நாள் கழிச்சு அண்ணன் போன் பண்ணார். அறிக்கை ஆடிட்டர்கிட்ட இருக்கு, அனுப்பறேன்னார். இன்னும் வரல. வந்தா படிச்சுட்டுப் பணம் அனுப்புவேன், அப்புறம் 10பிஇ சான்றிதழும் கேட்பேன். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல வகுப்பு மட்டும் எடுக்கறேன். பசங்க என்ன பண்ணுவாங்க, பாவம்.