கூலி நிற்கும் நாட்கள்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



போன வருடம் ஒரு சகோதரர் நம் அலுவலகத்திற்கு வந்தார். தோல் ஷாப்பில் ஏழு வருட வேலை. காசநோய் கண்டு மூன்று மாதமாக வீட்டில் இருந்தார். வாடகை பாக்கி. பைத்துல்மாலிலிருந்து 6,000 ரூபாய் கொடுத்தோம். கொடுத்துவிட்டு நல்ல காரியம் செய்த திருப்தியில் இருந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு அவருடைய சம்பளச் சீட்டைப் பார்க்க நேர்ந்தது. மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது! அவருக்குச் சேர வேண்டிய பணம் ஓரிடத்தில் கிடக்க, அதற்குப் பதிலாக ஏழைகளின் ஜகாத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறோம். கேட்காதது அவர் தவறு என்று சொல்லிவிட முடியாது. விசாரிக்காதது எங்கள் தவறு.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உரியது இ.எஸ்.ஐ. 14,000 வாங்கும் ஒருவருக்குச் சம்பளத்தில் முக்கால் சதவீதம், அதாவது 105 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக மூன்றேகால் சதவீதம், 455 ரூபாய் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரி, மருந்து மட்டும்தான் இதில் கிடைக்கும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கையில் தருவார்கள். இந்த 14,000 ரூபாய்க்காரருக்கு அது மாதம் ஏறக்குறைய 9,800 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. இரண்டு வருடம் வேலையில் இருந்தவருக்கு அவற்றில் 80 சதவீதம், அதுவும் இரண்டு வருடம் வரை கிடைக்க வழி உண்டு.

ஆனால் சான்று இ.எஸ்.ஐ. டாக்டரிடம் வாங்க வேண்டும். நம் சகோதரர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார், சான்று வாங்கவில்லை. கழிந்த மாதங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவர்கள், பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஷூ கம்பெனிக்குப் போகும் நம் பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 26 வாரம், முழுக் கூலியுடன். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம். கரு கலைந்துவிட்டால் 6 வாரம். இதைக் கேட்க வெட்கப்படும் மருமகள்களுக்கு மாமியார்மார்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு குறையும் உண்டு. படுத்த தாயைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டில் இருந்தால் இ.எஸ்.ஐ. ஒரு பைசா தராது. தான் நோயாளியானால்தான் தரும்.

இனிச் சொல்வது எனக்குக் கஷ்டமான விஷயம். நம் மழலையர் பள்ளியில் ஒரு ஆசிரியை பிரசவமாகி 45ஆம் நாள் வேலைக்கு வந்தார். விடுப்பு நாட்களுக்குச் சம்பளமில்லை என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது, 2017இல் அதை 26 வாரமாக உயர்த்தினார்கள். ஆனால் அது பத்து பேர் வேலை செய்யும் இடங்களுக்கு. நம்மிடம் ஒன்பது பேர். அந்த ஒன்பதைச் சொல்லித்தான் தப்பித்தோம். மற்றவர் உரிமைக்குக் கூட்டம் போடும் நாம் நம் வீட்டில் இப்படி இருந்திருக்கிறோம்.

வரும் கல்வியாண்டிலிருந்து நம் ஊழியர்களுக்கு 12 வாரம் முழுச் சம்பளத்துடன் விடுப்பு என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் வைத்திருக்கிறேன். மாற்று ஆசிரியைக்கான சம்பளத்தை ஜகாத்திலிருந்து எடுக்க முடியாது, சந்தாவிலிருந்துதான் தர வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வசதியுள்ளவர்கள் மாதம் 100 ரூபாய் கூடுதல் சந்தா எழுதினால் அவர்களுக்குப் பதில் சொல்லிவிடுவேன்.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். வேலைக்குப் போகிறவர்கள் இ.எஸ்.ஐ. அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு இரண்டையும் கொண்டு வாருங்கள். சீட்டே தரமாட்டார்கள் என்றால் அதையும் வந்து சொல்லுங்கள்.