கண்ணுக்குத் தெரியாத பொன்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சாவகத்துப் பொன் நகைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன். இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. 1928ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கம் அமைக்க மண் தோண்டிய தொழிலாளர்கள் சில பொன் நகைகளைக் கண்டெடுத்தனர். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை, கிழக்குச் சாவகப் பாணியில் அமைந்தவை. அவற்றுள் ஒரு தோள்வளையில் காலமுகம் பொலிகிறது. சாவகக் கோயில்களில் வாசலின் மேலிருந்து காவல் புரியும் முகம் அது. நம் கோயில் திருவாசியின் உச்சியிலும் கீர்த்திமுகமாக அதனைக் காண்கிறோம். அதைத் தோளில் அணிந்தவர் தம் உடம்பையே ஆலயமாகக் கருதினார் போலும்!

சாவகத்துப் பழைய மோதிரங்கள் பலவற்றில் 'ஸ்ரீ' என்ற ஓர் எழுத்து மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. நமக்குத் திருமகள், அவர்களுக்கு நெல்லின் தாயும் அவளே. அணிந்தவர் பெயர் அதில் இல்லை.

இனி, எவரும் அணியாத பொன்னைப் பற்றிச் சொல்கிறேன். 9ஆம் நூற்றாண்டில் எழுந்த பிரம்பானான் சிவாலயத்தில், 1885இல் மூலமூர்த்தியின் அடியே ஆழ்ந்த குழியில் ஒரு கற்பேழை கிடைத்தது. அதனுள் மணிகளும் நாணயங்களும், ஆமை, நாகம், தாமரை வடிவில் வெட்டிய பொன் தகடுகளும் இருந்தன. 'வருணன்', 'பர்வதம்' என்று பொறித்த பொன் தகடுகளும் அக்குழியில் கிடைத்தன. கடலும் மலையும் இறைவன் திருவடியின் கீழ்!

நம் கோயில்களிலும் பிரதிஷ்டையின்போது பீடத்தின் கீழ் யந்திரத் தகடும் நவரத்தினமும் பொன்னும் வைத்து, அஷ்டபந்தனம் சாத்துகிறோம் அல்லவா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கும்பாபிஷேகத்தின்போது, ஒரு மூதாட்டி தம் மூக்குத்தியைக் கழற்றி, "சாமிக்கு அடியிலே வச்சிடுங்கய்யா" என்றார். அவரிடம் இருந்த பொன் அவ்வளவுதான். அதை விற்றுத் திருப்பணி நிதியில் சேர்க்கலாம் என்று சிலர் கூறினோம். ஆம், அடியேனும் அவர்களில் ஒருவன். சிவாச்சாரியார் இசையவில்லை, மூக்குத்தியை யந்திரத்தோடு வைத்தார். ரசீது எழுதப் பெயர் கேட்டோம். அம்மையார் புன்னகைத்து நகர்ந்துவிட்டார்.

பிரம்பானான் பேழையைப் பற்றிப் படித்தபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. கல்வெட்டில் பெயர் பொறிப்பது தவறன்று. அது பிறரையும் கொடுக்கத் தூண்டும். ஆனால் சந்நிதியில் நாம் கைகூப்பும்போது, அந்த மூர்த்தியைத் தாங்கி நிற்பது யாரோ பெயர் சொல்லாமல் தந்த பொன் என்பதையும் நினைப்போமாக.