“கூட்டிக்கொண்டு போனது மட்டும்தான்”

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சில காலத்திற்கு முன், இஷாத் தொழுகை முடிந்த பின் வெளியூர்த் தந்தை ஒருவர் என்னிடம் வந்து அழுதார். அவருடைய மகன் மீது வழக்கு. அறிமுகமான ஒரு சிறுமியை, வேலை இருக்கிறது என்று சொல்லி அழைத்துப் போய்த் தீயவர்களிடம் விட்டான் என்பது குற்றச்சாட்டு. “ஹஜ்ரத், என் மகன் அவளைத் தொடவில்லை. கூட்டிக்கொண்டு போனது மட்டும்தான். ஜமாஅத் பேசி முடித்து வைக்கக் கூடாதா?” என்றார்.

அந்த ‘மட்டும்தான்’ என்ற சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஏனெனில், சட்டத்தின் பார்வையில் அதுவே குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு, சுரண்டலுக்காக ஒருவரை ஆசை காட்டியோ ஏமாற்றியோ சேர்ப்பதையும், கொண்டு செல்வதையும், தங்க வைப்பதையும் ஆள் கடத்தல் என்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் அங்கே எடுபடாது. கடத்தப்பட்டவர் குழந்தையாயின் 10 ஆண்டுக்குக் குறையாத தண்டனை. ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளாயின் 14 ஆண்டுக்குக் குறையாது. இரண்டிலும் ஆயுள் வரை போகலாம். முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 2013 முதல் இதே நிலைதான்.

சென்னை வண்ணாரப்பேட்டை வழக்கைப் பலரும் மறந்திருப்பீர்கள். 13 வயதுச் சிறுமி ஒருத்தி விபசாரத்தில் தள்ளப்பட்ட கொடுமை 2020இல் வெளியே வந்தது. அவளைக் கொண்டு சேர்த்தவர்களும், பணம் கொடுத்து வந்தவர்களும் ஒரே வழக்கில் நின்றனர். 2022 செப்டம்பரில் போக்சோ சிறப்பு நீதிமன்றம் 21 பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு, 8 பேருக்கு ஆயுள் தண்டனையும் 13 பேருக்கு 20 ஆண்டுச் சிறையும் விதித்தது. அவர்களுள் ஒரு காவல் ஆய்வாளரும் இருந்தார். சொந்த உறவினரும் இருந்தனர் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஆனால், குற்றம் சாட்டப்பட்டவனின் வயதையும் நீதிமன்றம் கேட்கும். 18 நிறைந்தவன் எவ்வளவு இளையவனாயினும் பெரியவர்களுக்குரிய விசாரணையே. அதற்குக் கீழ் எனில் இளைஞர் நீதிக் குழுமம். ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அதில் அமர்வர். 2022 மார்ச்சில் விருதுநகர்ப் பாலியல் வழக்கில் கைதான 8 பேரில் 4 பேர் சிறுவர்கள். வழக்கு ஒன்று, செல்லும் பாதைகள் இரண்டு.

சிறுவன் என்றால் தப்பிவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. 2012 டில்லிக் கொடுமையில் சிறுவன் ஒருவனுக்கு 3 ஆண்டுதான் கிடைத்தது என்று நாடே கொதித்தது. அதன் பின் வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்தவனின் மன வளர்ச்சியையும், விளைவை அறியும் திறனையும், குற்றம் நிகழ்ந்த சூழலையும் குழுமம் ஆராய வேண்டும். தேவையெனக் கண்டால் குழந்தைகள் நீதிமன்றத்திற்கு அனுப்பும். அந்நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை சீர்தூக்கிப் பார்த்தே, பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்று முடிவு செய்யும். தண்டனை பெற்றாலும் 21 வயது வரை சிறையில் அல்ல, பாதுகாப்பிடத்தில்தான். தூக்கும் இல்லை, விடுதலைக்கு வழியற்ற ஆயுளும் இல்லை.

இதை நான் இரக்கமற்ற சட்டமாகவும் காணவில்லை, தளர்ந்த சட்டமாகவும் காணவில்லை. சிறுவனின் பின்னால் நின்று அவனை ஏவிய பெரியவனுக்கு அதே சட்டத்தின் 83ஆவது பிரிவு தனியே தண்டனை வைத்திருக்கிறது. கைப்பேசியும் இருசக்கர வாகனமும் வாங்கிக் கொடுத்தவன் யார் என்று பெற்றோரே, நாம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இனி, பேசி முடிக்கும் விஷயம். போக்சோ வழக்கைச் சமரசத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அறிந்தும் புகார் செய்யாதவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. ஜமாஅத் நிர்வாகிக்கும் விலக்கில்லை. பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவேனும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு சூரத்துன் னிஸாவின் 135ஆம் வசனம் கட்டளையிட்டிருக்க, மஹல்லாவின் மானம் என்று சொல்லி அந்தச் சிறுமியின் வாயை நாம் அடைக்கலாமா?

அந்தத் தந்தையிடம் இவற்றைச் சொன்னேன். “அப்படியானால் என் மகனுக்கு யாருமே இல்லையா?” என்றார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள், மகனின் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு காலையில் போங்கள் என்றேன். அந்தச் சிறுமியின் வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். தலையசைத்துவிட்டுப் போனார்.