பூட்டில்லாக் கருவிகள்



பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பீன்யா என்னும் தொழிற்பேட்டை. விண்கலங்களைத் தொடர்ந்து கண்காணித்து ஆணையிடும் இஸ்ரோவின் நிலையம் அங்கே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாட்டின் செவிகள் எல்லாம் அந்நிலையத்தின் பக்கமே திரும்பியிருந்தன. அதே பீன்யாவின் குறுக்குத் தெருக்களில், லேத்து இரண்டும் ஆட்கள் நால்வருமாக நடைபெறும் சிறு பட்டறைகளும் பல உள்ளன. கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே கூரையின்கீழ் ஒலிக்கும் இடம் அது.

அப்பட்டறைகளில் நாம் காணும் வழக்கம் ஒன்று சிந்தனைக்குரியது. லேத்தில் ஒரு பல்சக்கரம் தேய்ந்து போனால் அதன் சொந்தக்காரர் மனங்கலங்குவதில்லை. மூடியைக் கழற்றுகிறார், சக்கரத்தை வெளியே எடுக்கிறார், பற்களை எண்ணி, அடுத்த தெருவில் பல் வெட்டித் தருபவரிடம் கொடுத்துப் புதிதாக ஒன்று செய்துகொள்கிறார். லேத்தைச் செய்து விற்றவர் வந்து, "இதைத் திறக்க உமக்கு உரிமை ஏது?" என்று கேட்பதில்லை.

ஆனால், பட்டறையின் முன்னறையில் இருக்கும் கணிப்பொறிக்கு இந்த நியாயம் செல்லுபடியாவதில்லை. விலை கொடுத்துப் பெற்ற மென்பொருளாயினும், பெரும்பாலும் அதன் உள்ளே இருப்பதைப் பார்க்க இயலாது. பழுதைத் திருத்த இயலாது. பக்கத்துப் பட்டறை நண்பருக்கு ஒரு படி எடுத்துக் கொடுத்தால் அது குற்றம். ஆண்டுச் சந்தா செலுத்தும் முறையாயின், சந்தா நின்றதும் தாம் வரைந்த படங்களைத் தாமே திருத்த முடியாமற் போவதும் உண்டு.

இந்த இக்கட்டு பீன்யாவுக்கு மட்டும் உரியதன்று. 1980-ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வுக்கூடம் ஒன்றிலும் இதுவே நேர்ந்தது. அங்கே புதிதாக வந்த அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. அச்சுக்குக் கொடுத்தவர்கள் அதனை அறியாமல் வீணே காத்திருந்தனர். பழைய பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி போகுமாறு அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விழைந்தார். அதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. மூலநிரல் என்பது மனிதர் படித்து அறியக்கூடிய வடிவில் உள்ள நிரல். அஃது இல்லையேல் திருத்தமும் இல்லை. இவ்வனுபவத்தின் பின்னரே, 1983-ஆம் ஆண்டில் அவர் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்பதனை வெளியிட்டார். இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் அந்த லினக்ஸே.

இவ்வகை மென்பொருளைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று வழங்குகிறோம். காசின்றிக் கிடைப்பதெல்லாம் கட்டற்றதாகிவிடாது. எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளமைப்பைக் கற்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் திருத்தாததையும் பிறருக்கு வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகளே அதன் இலக்கணம். சுருங்கச் சொன்னால், லேத்தின்மீது பட்டறைக்காரருக்கு இயல்பாகவே உள்ள உரிமையை மென்பொருளின்மீதும் நமக்குத் தருவது அது.

இனி, அன்றாட வாழ்வில் நாம் பெரிதும் விரும்பிக் கையாளும் சிலவற்றைக் காண்போம். பாட்டும் படமும் கேட்கவும் காணவும் வி.எல்.சி. இருக்கிறது. பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் 1996-இல் ஒரு கல்லூரித் திட்டமாகத் தொடங்கியது அது. பழைய திருமணக் குறுந்தகடாயினும் புதிய பதிவாயினும் பெரும்பாலும் மறுக்காமல் காட்டும். இணையத்தில் உலவுவதற்குப் பயர்பாக்ஸ். கடிதமும் கணக்கும் எழுதுவதற்கு 2010-இல் தோன்றிய லிப்ரே ஆபீஸ். இவ்விரண்டும் தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்கின்றன. ஆதலின் பட்டறையின் கணக்கர் தமிழில் பட்டியல் எழுத, அவருக்கு அடுத்து அமர்பவர் அதே கணிப்பொறியில் கன்னடத்தில் ரசீது எழுதுவதற்குத் தடையில்லை.

பட்டறைத் தொழிலுக்கே உரிய கருவிகளும் உண்டு. உறுப்புகளை வரைவதற்குப் பிரீகேட் பயன்படுகிறது. பல்லாண்டு உழைப்பின் பின் அதன் 1.0 பதிப்பு 2024-இல் வெளிவந்தது. உடல் திடமாக இருந்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துப்போன பழைய சி.என்.சி. பொறிகளை மீண்டும் இயக்குவதற்கு லினக்ஸ் சி.என்.சி. என்பது துணை செய்கிறது. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனத்தில் தொடங்கிய பணியிலிருந்து கிளைத்தது அது. பழைய இரும்பை எடைக்குப் போடாமல் காப்பதற்கு ஒரு வழி கிடைப்பது சிறுதொழிலாளருக்குச் சிறிய உதவியன்று.

கைப்பேசிக்கு வருவோம். கட்டற்ற செயலிகளை மட்டுமே தொகுத்து வழங்கும் எஃப்-டிராய்டு என்னும் களஞ்சியம் உள்ளது. 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் நிலப்படம், தன்னார்வலர் வரைந்து வளர்ப்பது. பீன்யாவின் ஒரு குறுக்குத் தெரு அதில் விடுபட்டிருந்தால், அத்தெருவாசியே அதனைச் சேர்த்துவிடலாம். அப்படத்தை இணையத் தொடர்பின்றியே காட்டும் செயலிகளும் இருக்கின்றன. விசைப்பலகைச் செயலியைத் தேர்வதில் தனிக்கவனம் வேண்டும். நாம் தட்டும் கடவுச்சொல்லும், வீட்டுக்கு எழுதும் அந்தரங்கச் செய்தியும் அதன் வழியேதான் செல்கின்றன. மூலநிரல் வெளிப்படையாக உள்ள விசைப்பலகையாயின், அது என்ன செய்கிறது என்பதை அறிந்தவர் எவரும் சோதித்துச் சொல்லலாம்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இரண்டு கருவிகள் வலக்கை போன்றவை. ஒன்று ஒமேகா-டி. முன்னர் மொழிபெயர்த்த வாக்கியங்களை நினைவில் வைத்து, அதுபோன்ற வாக்கியம் மீண்டும் வரும்போது எடுத்துக் காட்டும். ஒரே சொல்லுக்கு ஓர் ஆணையில் ஒரு தமிழும் மற்றோர் ஆணையில் வேறொரு தமிழும் வாராமல் காக்க இது உதவுகிறது. மற்றொன்று டெசராக்ட். 1980-களில் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 2005-இல் பொதுவில் திறந்துவிடப்பட்ட இது, அச்சிட்ட பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கிறது. தமிழும் கன்னடமும் அறியும்.

தமிழுக்கு இப்பொருள் ஏன் உயிர்நிலையானது என்பதற்கு அண்மை வரலாறே சான்று. 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துரு முறையைச் செய்துகொண்டது. ஒன்றில் தட்டியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. அம்மென்பொருள்கள் மறைந்தபோது, அவற்றில் எழுதிய நூல்களும் ஆவணங்களும் படிக்க முடியாத கோப்புகளாக எஞ்சின. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பலவற்றைத் தன்னார்வலர் எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்தனர். பூட்டிய பெட்டிக்குள் மொழியை வைத்தால், சாவி தொலைந்த நாளில் மொழிச்செல்வமும் தொலையும் என்பதை நாம் நேரிற் கண்ட காலம் அது.

குறைகளையும் மறைத்தலாகாது. வாடிக்கையாளர் குறிப்பிட்ட ஒரு மென்பொருளின் கோப்பாகவே வரைபடம் அனுப்பினால், பிரீகேட் மட்டும் வைத்திருப்பவர் இடர்ப்படுவார். பிறிதொரு மென்பொருளில் எழுதிய கடிதத்தை லிப்ரே ஆபீஸில் திறந்தால், கட்டங்கள் இடம் மாறி நிற்பதும் உண்டு. பழுது நேர்ந்தால் உடனே ஆளனுப்பும் விற்பனையாளர் இல்லை. கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் செலவிட வேண்டும். ஆயினும், இத்தொல்லைக்கு அஞ்சிக் கள்ளப் படிகளை நாடுவோர் இரட்டை ஆபத்தைத் தேடிக்கொள்கின்றனர். அவை கள்ளப் படிகள் என்று தெரிந்தே பயன்படுத்துவது நம் பதிப்புரிமைச் சட்டப்படி தண்டனைக்குரியது. அவற்றோடு ஒட்டிவரும் கெட்ட நிரல்கள் கணக்கையும் வரைபடத்தையும் ஒரே இரவில் அழித்துவிடவும் கூடும்.

அரசும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடியொற்றி 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கி, இந்திய மொழிகளுக்கு அதில் இடம் தந்தது. மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட கொள்கை, அரசு அலுவலகங்கள் மென்பொருளைத் தேரும்போது கட்டற்றவற்றுக்கு முன்னுரிமை தருமாறு பணித்தது.

நேயர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுவதில்லை. இவ்வாரம் ஒரு செயலியை மாற்றிப் பாருங்கள். முதன்மையான கடிதங்களையும் கணக்குகளையும் எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய பொது வடிவில் ஒரு படி சேமித்து வையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பொருந்தாமல் இருக்கக் கண்டால், அதனைச் செய்வோருக்கு எழுதித் தெரிவியுங்கள். பெரும்பாலும் அவர்கள் ஊதியமின்றி உழைப்பவர்கள், உங்கள் சொல்லை மகிழ்ந்து ஏற்பர். பட்டறைக்காரர் பல்சக்கரத்தைக் கழற்றும்போது காட்டும் துணிவு, கணிப்பொறியின் முன் அமரும்போதும் நமக்கு வேண்டும்.