ஈராண்டுக் கோட்டை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

கோட்டை என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது பல நூற்றாண்டு கண்ட கருங்கல் மதிலேயாம். இன்று யாம் சொல்லப் புகுந்ததோ, ஈராண்டே நின்று எரிந்தொழிந்த ஒரு மரக்கோட்டையின் சரித்திரம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இன்று வயோமிங் என வழங்கும் பிரதேசத்தில் இருந்த பில் கார்னி கோட்டையே அது.

மான்டானா நாட்டில் பொன் அகப்படவே, அதனை நாடிய வெள்ளையர் 1860-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் போஸ்மன் பாதை என்னும் குறுக்கு வழியே செல்லலாயினர். அவ்வழியோ லாக்கோட்டா, ஷையன், அரப்பஹோ மக்கள் காட்டெருமை வேட்டையாடிச் சீவித்த நிலத்தினூடே சென்றது. 1866 ஜூன் மாதத்தில் அரசாங்கத்தார் அம்மக்களின் தலைவர்களை லாரமி கோட்டைக்கு அழைத்து, வழிவிடுமாறு சமாதானம் பேசினர். பேச்சு முடியுமுன்னரே, அவ்வழியில் கோட்டைகள் அமைக்கக் கர்னல் காரிங்டன் என்பார் சேனையோடு வந்து சேர்ந்தார். இதனைக் கண்ட ரெட் கிளவுட் என்னும் லாக்கோட்டாத் தலைவர் சினந்து சபையை விட்டகன்றார்.

ஜூலையில் கோட்டை வேலை தொடங்கிற்று. 8 அடி உயர மரவேலி உள்ளிருந்தோரைக் காத்தது. ஆயின் மரமும் விறகும் சில மைலுக்கு அப்பாலுள்ள காட்டினின்றே வரவேண்டும். டிசம்பர் 21-ந் தேதி அவ்வண்டிகள் தாக்கப்பட்டன. மீட்கச் சென்ற காப்டன் பெட்டர்மன், மலைமுகட்டைத் தாண்டலாகாது என்று காரிங்டன் பணித்திருந்தும், புறங்காட்டி ஓடுவார்போல் நடித்த சிலரைத் தொடர்ந்து சென்றார். பதுங்கியிருந்த பெருங்கூட்டம் வளைத்துக்கொண்டது. அவரும் உடன் சென்ற 80 பேரும் மாண்டனர், ஒருவரும் மீளவில்லை.

1867-ல் விரைந்து சுடும் புதுத் துப்பாக்கிகள் வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு சிறு படை அவற்றின் துணையால் பெருந்தாக்குதலை எதிர்த்து நின்றது. அப்பொழுதும் பாதை அச்சமின்றிச் செல்லத்தக்கதாகவில்லை. முடிவில் 1868-ல் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆகஸ்டில் படை வெளியேற, ஷையன் வீரர் கோட்டைக்குத் தீயிட்டனர். கோட்டைகள் ஒழிந்த பின்னரே, நவம்பரில், ரெட் கிளவுட் கையொப்பமிட்டார்.

கதை இத்துடன் முடிந்திருப்பின் நன்றாயிருக்கும். 1874-ல் அவ்வுடன்படிக்கை அம்மக்களுக்கென விட்ட கருங்குன்றுகளிலும் பொன் தென்பட்டது. 1877-ல் அரசாங்கத்தார் அவற்றை எடுத்துக்கொண்டனர். 1980-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு நஷ்டஈடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அம்மக்களோ பணத்தைத் தொட மறுத்து, நிலமே வேண்டும் என்கின்றனர்.

சகோதரர்களே! எரிந்த மரக்கோட்டையைப் பற்றி இன்று வருந்துவோர் இலர். பிறழ்ந்த வாக்கோ நூறாண்டு கடந்தும் ஆறாப் புண்ணாயிருக்கிறது. நாம் சேனை நடத்துவோரல்லேம். சிறு சங்கம் நடத்துவோம். எனினும், உறுப்பினரின் சம்மதம் கேட்கக் கூட்டம் கூட்டிவிட்டு, அதற்கு முன்னரே தீர்மானத்தை எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடத்தும் தலைகாட்டக் கூடும். அன்று லாரமியில் சபையை விட்டு ஒருவர் எழுந்து சென்றதை நாம் நினைவிற் கொள்ளல் நலம்.