வல்லாரையும் ரண சிகிச்சையும்



சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலியவை ஏரிகளை அண்டி வளர்ந்த ஊர்களாகும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என இவ்வட்டாரத்தில் நீர்நிலைகளுக்குக் குறைவில்லை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில், வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் படரும் பூண்டுகளில் வல்லாரையும் ஒன்று. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் ஏற்பட்டன. அதன் பின்னர் ஏர் பிடித்த கைகள் பல, கடைசல் இயந்திரத்தைப் பிடிக்கலாயின. கதிர் அரிவாளால் உண்டான காயத்தோடு இரும்புத் தகட்டால் உண்டாகும் காயமும் சேர்ந்துகொண்டது. ஆயினும் காயம் பட்டவுடன் பச்சிலையைத் தேடும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவ்வழக்கத்தில் உண்மை எவ்வளவு, அபாயம் எவ்வளவு என்பதை எடுத்துரைப்பதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

மூலிகையின் இயல்பு

வல்லாரை, கொத்தமல்லி, சீரகம், ஓமம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரமும் சிறிது நிழலும் உள்ள இடத்தில் தரையோடு தரையாகப் படரும். கொடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். இலை, சிறுநீரகத்தின் வடிவில் விளிம்பு வெட்டுண்டு காணப்படும். சித்த வைத்தியர்கள் இதை ஞாபக சக்திக்கும், தோல் வியாதிகளுக்கும், புண்களுக்கும் நெடுங்காலமாக உபயோகித்து வருகின்றனர். வட இந்தியாவில் வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் பிரமி என்ற ஒரே பெயரால் அழைப்பதுண்டு. இவை இரண்டும் வெவ்வேறு செடிகள். ஆகையால் கடையில் பொடியாக வாங்குவோர் பெயரை மட்டும் நம்பி வாங்குதல் தகாது.

ரணம் ஆறும் விதம்

காயம் பட்டவுடன் இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. அடுத்த சில தினங்களில் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, கிருமிகளையும் அழிந்த சதையையும் அகற்றுகின்றன. பின்னர்ச் சிவந்த புதுச் சதை வளர்கிறது. அப்புதுச் சதைக்கு உறுதியளிப்பது கொலாஜன் என்னும் புரத நார். இந்நார் முதலில் ஒழுங்கின்றி உண்டாகி, பல வாரங்களில் ஒன்றோடொன்று பிணைந்து வலுப்பெறுகிறது. மேலே புதுத் தோல் ஓரங்களிலிருந்து வளர்ந்து மூடுகிறது.

இவ்வேலை முழுவதையும் உடலே செய்கிறது. ஆரோக்கியமான மனிதனுக்குச் சிறு காயம் மருந்தின்றியே ஆறிவிடும். எனவே, “இலை வைத்துக் கட்டினேன், புண் ஆறிற்று” என்று ஒருவர் கூறுவது மெய்யே ஆயினும், இலையினால்தான் ஆறிற்று என்பதற்கு அது சாட்சியாகாது. இலை வைத்த காயத்தையும், அதே அளவுள்ள இலை வைக்காத காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும். விஞ்ஞான பரிசோதனையின் சாரம் இவ்வொப்பீடேயாகும்.

அடையாற்றில் நடந்த ஆராய்ச்சி

அத்தகைய ஒப்பீடு வெகு தூரத்தில் நடக்கவில்லை. சென்னை அடையாற்றில் 1948-ம் வருஷத்தில் ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலேயே நடந்தது. தோல் பதனிடும் தொழிலுக்கான நிலையம் ரண சிகிச்சையை ஏன் ஆராய வேண்டும் என்று சிலர் வியக்கலாம். பதனிடப்படும் தோலின் வலுவும், ஆறிய ரணத்தின் வலுவும் கொலாஜன் ஒன்றினாலேயே அமைகின்றன. கொலாஜனை நன்கறிந்தவர்களுக்கு இவ்வாராய்ச்சி எளிதாயிற்று.

அங்கு சுகுணா, சிவகுமார், சந்திரகாசன் ஆகிய மூவர் செய்த ஆராய்ச்சி 1996-ம் வருஷத்தில் வெளியாயிற்று. வல்லாரையின் சத்தைச் சாராயத்தில் இறக்கி, எலிகளின் காயத்தில் மேற்பூச்சாகவும் உள்ளுக்கும் கொடுத்தனர். வேறு சில எலிகளுக்கு அது கொடுக்கப்படவில்லை. மருந்து பெற்ற எலிகளின் புதுச் சதையில் உயிரணுக்கள் மிகுதியாகப் பெருகியிருந்தன. கொலாஜனும் அதிகமாக இருந்தது. நார்களின் பிணைப்பு விரைவில் முதிர்ந்தது. ஆறிய தோலை இழுத்துப் பிரிக்க அதிக விசை வேண்டியிருந்தது. காயத்தின் வாயும் விரைவிற் சுருங்கி மூடிற்று.

பிற இடங்களில் கண்டவை

வல்லாரையில் உள்ள முக்கியச் சத்துக்கு ஆசியாட்டிகோசைடு என்று பெயர். மடகாஸ்கர் தீவில் வளர்ந்த வல்லாரையினின்று அது 1941-ம் வருஷத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. பிரான்சு தேசத்தில் இச்செடியின் சத்தைக் கொண்டு மடகாசால் என்னும் களிம்பு தயாரிக்கப்பட்டு, பல தேசங்களில் விற்பனைக்கு வந்தது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆசியாட்டிகோசைடு நூற்றுக்கு 0.2 பங்கு கலந்த திரவத்தைக் கினி எலிகளின் காயத்தில் இட்டனர். கொலாஜனின் அளவைக் காட்டும் பொருள் நூற்றுக்கு 56 பங்கும், தோலின் இழுவலிமை நூற்றுக்கு 57 பங்கும் அதிகரித்தன. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளிலும் நற்பலன் காணப்பட்டது. தாய்லாந்தில் 200 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2010-ல் வெளியாயிற்று. அதிலும் வல்லாரைச் சத்தை மாத்திரையாக உட்கொண்டவர்களின் ரணம், வெறும் மாத்திரை உட்கொண்டவர்களின் ரணத்தைவிட விரைவிற் சுருங்கியது.

மஞ்சளின் வழக்கு

நாட்டு மருந்துகளை ஆராய்ந்து எழுத்தில் பதிந்துவைப்பது ஏன் அவசியம் என்பதற்கு மஞ்சளே உதாரணம். ரணத்தை ஆற்ற மஞ்சளை உபயோகிக்கும் முறைக்கு 1995-ம் வருஷத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பி சர்வகலாசாலை மருத்துவ நிலையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1996-ல் அதை ஆட்சேபித்தது. இவ்வழக்கம் இந்தியாவில் பழமையானது என்பதற்குப் பழைய நூல்களையும், 1953-ல் இந்திய வைத்திய சங்கப் பத்திரிகையில் வந்த கட்டுரையையும் ஆதாரமாகக் காட்டிற்று. 1997-ல் அவ்வுரிமை ரத்தாயிற்று. ஒவ்வொரு பாட்டியும் அறிந்த விஷயமாயினும், எழுத்திலுள்ள ஆதாரமே அங்கு செல்லுபடியாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. இதன் பின்னர் 2001 முதல், தமிழ்ச் சித்த நூல்கள் உட்பட நாட்டு வைத்திய நூல்களிலுள்ள முறைகளை அந்நிய பாஷைகளில் தொகுத்து வைக்கும் பெரும் பணி தொடங்கிற்று.

பச்சிலையை அரைத்து வைக்கலாமா?

மேற்கூறியவற்றைக் கேட்டவுடன் வல்லாரையைப் பறித்து அரைத்துக் காயத்தில் அப்பிவிடலாம் என்று எண்ணுவது தவறாகும். ஆராய்ச்சியாளர் இட்டது சுத்தம் செய்த, அளவு குறித்த சத்து. வாய்க்கால் ஓரத்து இலையில் மண்ணும் கிருமிகளும் ஒட்டியிருக்கும். ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்து, மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலும் பல வருஷங்கள் அழியாமல் கிடக்கும். மேலும் இலைக்கு இலை, நிலத்துக்கு நிலம் சத்தின் அளவு வேறுபடுகிறது.

இவ்வட்டாரத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வல்லாரை தான் வளரும் நீரிலும் மண்ணிலும் உள்ள ஈயம் முதலிய உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலக்கும் இடத்தில் இது எவ்வளவு செழிப்பாக வளர்ந்தாலும், மருந்துக்கும் ஆகாது, கீரைக்கும் ஆகாது. சுத்தமான மண்ணில், கிணற்று நீரோ குடிநீரோ பாய்ச்சி, கொல்லையில் ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்வதே உசிதம். வேருள்ள கணு ஒன்றை நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் தானே படரும். கீரையாக மிதமாக உண்ணலாம். கருவுற்ற ஸ்திரீகளும் கல்லீரல் வியாதி உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதன் பொடியையோ மாத்திரையையோ தொடர்ந்து உட்கொள்ளலாகாது. சிலருக்கு மேற்பூச்சினால் தோலில் அரிப்பு உண்டாவதும் உண்டு.

காயம் பட்டவர் செய்ய வேண்டியவை

1. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துக. நிற்காவிடில் அழுத்தத்தை விடாமலே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

2. இரத்தம் நின்ற சிறு காயத்தை ஓடும் நல்ல நீரால் நன்றாகக் கழுவுக. சுற்றியுள்ள தோலைச் சோப்பிட்டுக் கழுவுக.

3. சாணம், சாம்பல், சுண்ணாம்பு, காப்பித்தூள், மண் ஆகியவற்றை ஒருபோதும் இடாதீர்கள்.

4. ரண ஜன்னித் தடுப்பூசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்பதைக் கூறி, சுகாதார நிலையத்தில் ஆலோசனை பெறுக. அழுக்கு மிகுந்த காயமாயின், 5 வருஷத்துக்கு மேலாயிருப்பின் மறுபடியும் ஊசி வேண்டும்.

5. ஆழமான காயம், இரும்பு குத்திய காயம், மிருகம் கடித்த காயம், சீழோ காய்ச்சலோ கண்ட காயம் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் கூடாது.

6. நீரிழிவு உள்ளவர்கள் தினந்தோறும் இரவில் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவதால் புண் வலிக்காது. வலியில்லை என்று நாட்களைக் கடத்திப் பின்னர்க் காலையே இழந்தவர்கள் பலர்.

வல்லாரை ரணத்தை ஆற்ற உதவும் என்று முன்னோர் கூறியதற்கு ஆராய்ச்சி ஆதரவளித்துள்ளது. மனிதரிடத்துச் செய்த பரிசோதனைகள் இன்னும் சிலவே. அவை பெருகும் வரை, தகுதி பெற்ற சித்த வைத்தியரோ டாக்டரோ கொடுக்கும் தயாரிப்பை மட்டும், கழுவிச் சுத்தம் செய்த காயத்துக்கு உபயோகிப்பதே முறை. முதலில் நீர், அடுத்து ஊசி, அதன் பின்னரே மூலிகை என்னும் வரிசையை ஒவ்வொரு குடும்பத்தினரும் மனத்திற் கொள்வார்களாக.